இரவல் மெசின்

இளம் விவசாயிகள் சொந்தமாகத் தோட்டம் தொடங்க அரசாங்கம் தரும் உதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். கிளிவெட்டியில் அப்பா பிரித்துத் தந்த கால் ஏக்கரில் மிளகாய் நட்டிருக்கிறேன். நான் கேட்டது தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்றுதான்.

தோட்டம் பார்க்க ஒரு பெண் அதிகாரி வருகிறார் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெறும் வாளியோடு தோட்டம் செய்வதைக் கண்டால் இவளுக்கு ஏலாது என்று நினைத்துவிடுவாரோ? மாப்பிள்ளை வீட்டார் வரும்போது நகை இரவல் வாங்குவது போல, பக்கத்துத் தோட்டத்து ரஹீம் நானாவின் மெசினை வாங்கிவந்து கிணற்றடியில் வைத்தேன். என்னுடைய பிடி உடைந்த வாளியைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "நல்லா வைச்சிருக்கிறீங்கள், தங்கச்சி. மெசினும் இருக்குதுதானே. உதவியை இல்லாத ஆக்களுக்குக் குடுப்பம்" என்று எழுதிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினார்.

நான் கேட்ட மெசின் கைநழுவிப் போகிறது. ஆனால் வாய் திறக்க வெட்கம். ஸ்கூட்டி வேலிப் படலையைத் தாண்டிய பிறகுதான் பின்னால் ஓடினேன்.

"மிஸ், நில்லுங்கோ! அது இரவல். நான் வாளியாலதான் ஊத்துறனான்!"

அவர் திரும்பி வந்தார். "எங்க வாளி?"

எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"இதையல்லோ முதல்ல காட்டியிருக்கோணும்" என்று, எழுதியதை வெட்டிவிட்டு மறுபடி எழுதினார்.

பதில் இன்னும் வரவில்லை. தபால்காரரின் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். ஆனால் இப்போது யார் தோட்டம் பார்க்க வந்தாலும், அந்த வாளியோடுதான் முன்னால் போய் நிற்கிறேன்.