அப்பா டவுனுக்குப் போயிருக்கிறார்

இன்று டயகம பஸ்ஸில், ஹற்றனில் செருப்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க தொப்பிக்கார அண்ணன் மகதானே? அப்பாவ ரொம்ப நாளா காணலியே, எங்க?"

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அப்பா "டவுனுக்குப் போயிட்டு வாறேன்" என்றாலே அம்மா உலையில் அரிசியைக் குறைத்துப் போடுவார். ஒருமுறை தக்காளி வாங்கப் போனவர் மூன்றாம் நாள் திருகோணமலைக் கருவாட்டோடு வந்து நின்றார். தக்காளி மட்டும் வரவில்லை.

போன மாதம் இறந்துவிட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"டவுனுக்குப் போயிருக்காரு நானா."

நானா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இப்போதைக்கு வரமாட்டாரு!"

நானும் சிரித்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது அந்த டவுனுக்குப் போயிருந்தால், அப்பாவுக்குத் தக்காளியை ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள்.