பத்தரை மணிக்குப் போடச் சொன்ன பாடம்

என் மேல தப்பில்லைன்னு ரெண்டு பேர்கிட்ட சொல்லிப் பாத்தேன். எனக்கே எடுபடல. அதனால நடந்தத நடந்தபடி சொல்லிடறேன்.

உஷா எங்க மாடி வீட்டுல குடியிருக்கா. முப்பத்தாறு வயசு, சொந்த ஊரு வாணியம்பாடி. "இப்ப விட்டா இருபத்தெட்டுலதான் கல்யாண யோகம்"னு எவனோ ஒரு ஜோசியர் சொன்னாராம். பத்தொம்பதுலயே கட்டிக் குடுத்துட்டாங்க. படிப்பு ப்ளஸ் டூவோட நின்னு போச்சு. ஆஸ்டின் டவுன்ல ஒரு கிளினிக் ரிசப்ஷன்ல பதினோரு வருஷமா உக்காந்திருக்கா.

டாக்டர்கிட்ட சொல்லாததெல்லாம் ஜனங்க இவகிட்ட சொல்லுவாங்க. மருமக பேசறதில்ல, தூக்கம் வரல, பையன் வீட்டுப் பக்கமே வரதில்ல. டோக்கன் குடுத்துக்கிட்டே அத்தனையும் கேட்டுக்குவா. "கேக்கத் தெரியுதுக்கா, பதில் சொல்லத்தான் தெரியல"ம்பா. கவுன்சிலர் ஆகணும்னு ஆசை வந்தது அப்படித்தான்.

ஊருக்கு வெளிய ஒரு தனியார் யூனிவர்சிட்டி. படிப்ப விட்டு ரொம்ப நாளானவங்களுக்கு மொதல்ல ஒரு வருஷம் அடிப்படை வகுப்பு நடத்தறாங்க, சனி ஞாயிறுல. சமூக அறிவியல்ல நாலு பாடம் நாமளே தேர்ந்தெடுக்கணும். அதுல சைக்காலஜி இருந்தாத்தான் அடுத்த வருஷம் கவுன்சிலிங் டிகிரி. சைக்காலஜிக்கு நாப்பதே சீட்டு, முந்தினவங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை காலைல பத்தரைக்கு வெப்சைட் திறக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிடும்.

என்ன அநியாயம் இது? பீஸையும் வாங்கிக்கிட்டு, பாடத்துக்கு நீங்களே அடிச்சுக்கோங்கன்னு விடறதா? சினிமா டிக்கெட்டா வித்துக்கிட்டிருக்காங்க?

பாட விவரமெல்லாம் போட்ட புத்தகத்த ரெண்டு வாரம் கையில வச்சுக்கிட்டு அலைஞ்சா. பென்சில்ல டிக் போடுவா, அழிப்பா, மறுபடி போடுவா. என் சமையல்கட்டுல நின்னுக்கிட்டு உயிர வாங்கினா.

"பொருளாதாரத்துல கணக்கு வருமாக்கா?"

"எனக்கென்னடி தெரியும்? ரசம் பொங்குது, தள்ளு."

மத்த மூணும் தினம் ஒண்ணு மாறும். சைக்காலஜி மட்டும் ஒரு நாளும் மாறல.

கிளினிக்ல வேலை நேரத்துல போன லாக்கர்ல வச்சுடணும். அதனால என்கிட்ட வந்தா. நான் கவர்மெண்ட் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் ஃபைல் பாத்து ரிடையர் ஆனவ, கம்ப்யூட்டர் பழக்கம் உண்டு. "சரியா பத்தரைக்குப் போட்டுடுங்கக்கா. ஒரு நிமிஷம்கூட தாமதம் வேணாம்"னு படிச்சுப் படிச்சு சொன்னா.

பத்தே காலுக்கே லேப்டாப் முன்னாடி உக்காந்துட்டேன். செவுத்துல இருந்த காலண்டர் கண்ணுல பட்டுது. வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம். எங்க வீட்டுல ராகு காலத்துல கேஸ் சிலிண்டர்கூட புக் பண்ண மாட்டோம். பதினேழு வருஷம் கழிச்சு ஒருத்தி படிக்கப் போறா, அத இந்த நேரத்துலயா தொடங்கி வைக்கறது? ஒன்றரை மணி நேரத்துல என்ன கொள்ளையா போயிடப் போகுதுன்னு நினைச்சேன். விளக்கேத்தி, அவளுக்காக வேண்டிக்கிட்டு, பன்னெண்டு அடிச்சு ஒரு நிமிஷத்துல உள்ள போனேன்.

சைக்காலஜி மங்கலாத் தெரிஞ்சுது. அமுக்கினேன், ஒண்ணும் ஆகல. வெளிய வந்து மறுபடி உள்ள போனேன். சீட் இல்லைன்னு காட்டிச்சு.

யூனிவர்சிட்டிக்கு போன் போட்டேன். ஷ்ரேயாஸ்னு ஒரு கன்னடக்காரர் எடுத்தார். "மேடம், பத்தே முக்காலுக்கே ஃபுல் ஆயித்து. நெக்ஸ்ட் இயர் ட்ரை மாடி"ன்னார், அடுத்த வருஷம் பாருங்கன்னு. கன்னடத்துல கெஞ்சினேன், இங்கிலீஷ்ல கத்தினேன், ரெண்டும் பலிக்கலன்னு தமிழ்லயும் ரெண்டு வார்த்தை சொன்னேன். அந்த மனுஷன் பொறுமையா, "நீங்க எத்தனை மணிக்கு லாகின் பண்ணீங்க?"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டார். போன வச்சுட்டேன். மத்த மூணையும் தொடக்கூட எனக்கு தைரியம் வரல.

அஞ்சு மணிக்கு உஷா ஓட்டமும் நடையுமா வந்தா. "போட்டாச்சாக்கா?"

நாப்பது சீட்டு அநியாயம், யூனிவர்சிட்டிக்காரங்க திமிரு, எல்லாத்தையும் மொதல்ல கொட்டினேன். கடைசிலதான் ராகு காலத்தச் சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "உனக்குத்தான் நாள் நேரம் எதுவும் தெரியல, உன் நல்லதுக்குத்தானடி பண்ணேன்"னு அவளையே அதட்டினேன் வேற.

அழுவான்னு பாத்தேன். அழல.

"ராகு காலம்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் பத்தரைன்னு சொன்னேன்"னா. "என் கல்யாணம் நல்ல நேரத்துல நடந்துச்சு. இங்க பால் காய்ச்சினது நல்ல நேரத்துல. எல்லாம் யாரோ எனக்காகப் பாத்துக் குடுத்த நேரம். இது ஒண்ணாவது நான் சொன்ன நேரத்துல நடக்கட்டும்னு இருந்தேன்."



ஆறு மணிக்கு மூடிடுவாங்களே. லேப்டாப்ப தன் பக்கம் திருப்பிக்கிட்டு, மிச்சமிருந்த பாடங்கள ஒவ்வொண்ணா படிச்சா. சமூகவியல் போட்டா, அரசியல் போட்டா. இன்னும் ரெண்டு போடணும். பட்டியல மேலயும் கீழயும் உருட்டிக்கிட்டே இருந்தா.

"நான் அமுக்கட்டுமாடி?"ன்னேன்.

"வேணாம்க்கா"ன்னா.