வலம்வந்த தூசி

இந்த ஊர்க்காரர்களின் முகமெல்லாம் எனக்கு மனப்பாடம். நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊர். நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குளம். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் அதைச் சுற்றி நடப்பார்கள். யார் சொல்லி வைத்தார்களோ, அத்தனை பேரும் குளத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் வலக்கைப் பக்கம். அதனால் ஒரு சுற்றுக்குள் ஒவ்வொருவரும் இரண்டு முறை எதிரே வந்துவிடுவார்கள். "ஹாலோ." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "ஹாலோ." நாயோடு வரும் பெரியவர் ஒருவர், நான் வழி தவறிவிட்டேன் என்று நினைத்து, ஒருநாள் கையைக் காட்டித் திருப்பியே அனுப்பினார். மரியாதைக்காகப் பத்தடி நடந்தேன். உடம்பு ஒப்பவில்லை. அவர் தலை மறைந்ததும் திரும்பிக்கொண்டேன்.

அடி அண்ணாமலையில் பிறந்தவளுக்கு எப்படி ஒப்பும்? எங்கள் வீட்டு வாசலே கிரிவலப் பாதைதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனம் மொத்தமும் மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போகும். அம்மா சுக்கு காபி விற்பாள், அக்கா டம்ளர் கழுவுவாள், நான் வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுக் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பேன். யாராவது சாம்பார் சாதம் கொடுத்தால் அங்கே கூட்டம் திரளும்; அதைத் தாண்டிப் பாதை காலியாகக் கிடக்கும். பின்னாளில் விண்மீன்களைச் சுற்றும் தூசியைப் பற்றிப் படித்தபோது, இது நம் வாசலில் பார்த்ததுதானே என்று தோன்றியது.

புதிதாகப் பிறந்த விண்மீனைச் சுற்றித் தூசியும் வாயுவும் தட்டையாகப் பரவிச் சுழலும். தூசி தூசியோடு ஒட்டிக் கூழாங்கல்லாகி, கல் கல்லோடு சேர்ந்து கோளாகும். நம் பூமியும் இப்படித் திரண்டதுதான். பிறந்த கோள் தன் பாதையிலுள்ள தூசியைத் துடைத்து இடைவெளி உண்டாக்கும். வெளிப்பக்கத்துத் தூசியோ, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவளின் முந்தானை மாதிரி வளைந்து பின்தங்கும். முந்தானையைப் பார்த்தால் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

சிலி நாட்டுத் தொலைநோக்கி எடுத்த அப்படியொரு படம் என்னிடம் இருந்தது. அதையே கணினியில் உருவாக்கி, கோள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காட்டினால் இன்னும் இரண்டு வருடம் வேலை. இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மூன்று வாரமாக என் வளைவுகள் படத்தோடு பொருந்தவே இல்லை. கோளின் எடையைக் கூட்டினேன், குறைத்தேன், இடம் மாற்றினேன். நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஊருக்குப் போக ஆசை இல்லாமல் இல்லை. தோற்றுப்போய்ப் போகத்தான் மனமில்லை.

புதன்கிழமை எங்கள் குழுத் தலைவி மரீக்கே என்னோடு நடக்க வந்தார்.

"ஏன் எப்போதும் எதிர்ப்பக்கமாக நடக்கிறாய்?"

"மலை வலப்பக்கம் இருக்க வேண்டும்."

அவர் அக்கறையாகச் சுற்றிலும் பார்த்தார். அந்த வட்டாரத்தில் மேம்பாலத்தைவிட உயரமாக ஒன்றும் கிடையாது. "எந்த மலை?"

விளக்கினேன். "அப்படியானால் உனக்கு எல்லாமே இந்தப் பக்கமாகத்தான் சுற்றுமா?" என்று சும்மா கேட்டார்.

"சுற்றுவது என்றாலே இந்தப் பக்கம்தானே" என்றேன். சொன்னதும் நின்றுவிட்டேன். அவரை அங்கேயே விட்டுவிட்டு அறைக்கு ஓடினேன்.

நினைத்தது சரி. நிரலை எழுதத் தொடங்கிய அன்றே, யோசிக்காமல், தூசியைக் கடிகார முள் போலச் சுழல விட்டிருக்கிறேன். அந்த விண்மீனின் தூசி சுழல்வது எதிர்ப்பக்கம். என் படம் கண்ணாடியில் தெரியும் பிம்பம் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். எனக்கு மட்டும் தோன்றவில்லை, ஏனென்றால் அப்படியொரு பக்கம் இருப்பதாகவே என் மண்டை ஒத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு பிடிவாதம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேடிப் பாருங்கள். சுழலும் வேகத்துக்கு முன்னால் இருந்த ஒரே ஒரு கழித்தல் குறியை அழித்தேன். மறுநாள் காலையில் வளைவுகள் படத்தின் மேல் அச்சாக உட்கார்ந்தன. இடைவெளியில் கோள் இருந்தாக வேண்டிய இடமும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வேலை உறுதியான சந்தோஷத்தில் வீட்டுக்கு போன் போட்டேன். அங்கே எட்டரை.

"ரெண்டு வருஷமா?" என்றாள் அம்மா. "சரி, நல்லதுதான். அந்த நட்சத்திரம் எங்கடி இருக்குது?"

பொய் சொல்லத் தெரியவில்லை. "இந்த ஊர்ல அது மேலயே வராதும்மா. கொல்லையில நின்னு தெக்கால பாரு. தென்னமரத்துக்கு மேல. கண்ணுக்குத் தெரியாது, ஆனா அங்கதான் இருக்குது."

செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், மாடு கத்தும் சத்தம். அக்கா கேட்பது காதில் விழுந்தது: "இன்னாம்மா, வானத்தப் பாத்துட்டு நிக்கற?"

"உன் தங்கச்சியோட நட்சத்திரம் நம்ம கொல்லைக்கு மேலதான் இருக்குதாம். அதப் பாக்கறதுக்கு அவ அவ்ளோ தூரம் போயிருக்கா."

அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். என் ஜன்னலில் இன்னும் பட்டப்பகல். அம்மா அங்கே இருட்டில், எனக்குப் பதிலாக, தென்னைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.