ஸ்வெட்டரக்கா சர்வரைத் திறந்த கதை

ஆஸ்பத்திரியின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவளுக்கு, வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஸ்வெட்டர்தான். உள்ளே ஏசி அப்படி. காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் ஸ்வெட்டரக்கா.

அவளுடைய மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கவாதத்தில் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. அதே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். தினமும் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீடியோவில் வந்து உடற்பயிற்சி சொல்லித்தருவாள். அவள் மேல் மாமனாருக்கு அத்தனை மரியாதை. தலை வாரிக்கொண்டுதான் திரைக்கு முன்னால் போய் நிற்பார்.

ஒருநாள் லீவில் இருந்த மருமகள் கூடத்துக்கு வந்து பார்த்தால், மாமனார் தூக்கிய கையோடு நிற்கிறார். கை வெடவெடக்கிறது, நெற்றியெல்லாம் வியர்வை.

"மாமா, கையை இறக்குங்க! என்ன பண்றீங்க?"

"அந்தப் பொண்ணு இன்னும் இறக்கலையேம்மா."

திரையில் அந்தப் பெண் தூக்கிய கையோடு அப்படியே உறைந்திருந்தாள்.

"அடிக்கடி இப்படித்தான். என் தெம்பைச் சோதிக்கிறாள்னு நானும் விட்டுக்கொடுக்கறதில்ல" என்றார் மாமனார் பெருமையாக.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டு இணைப்பைச் சோதித்தாள், அதில் குறையில்லை. அப்படியென்றால் கோளாறு ஆஸ்பத்திரியில் அவள் காவல் காக்கும் சர்வர் பெட்டியில்தான்.

அந்த ஒரே இரும்புப் பெட்டிக்குள், மென்பொருளால் ஆன பல மெய்நிகர் கம்ப்யூட்டர்கள் கூட்டுக்குடித்தனம் நடத்தின. அதில் ஒன்றுதான் வீடியோவைக் கவனித்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பினால் பிராசஸர் சற்று ஓய்ந்தாலும் தூங்கிவிடும். தகவல் வரும்போதெல்லாம் தட்டி எழுப்ப வேண்டும். முதலில் அதை மாற்றினாள். கொஞ்சம் தேவலை. கூட்டமான வேளையில் மட்டும் படம் திக்கியது.

"புது சர்வர் கேட்டுடலாமா?" என்றார் மேலாளர்.

"பொறுங்க சார். இதையே இன்னும் முழுசா பார்க்கல."

பெட்டியில் இரண்டு பிராசஸர்கள். வீடியோ கம்ப்யூட்டர் ஓடியது முதலாவதில். தகவல் வந்துபோகும் நெட்வொர்க் கார்டு செருகியிருந்ததோ இரண்டாவதோடு இணைந்த ஸ்லாட்டில். ஒவ்வொரு தகவலும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரிடமும் அனுமதி வாங்கி சர்வரை நிறுத்தினாள். கார்டை முதல் பிராசஸரின் ஸ்லாட்டுக்கு மாற்றினாள். ஆன் செய்தால் கார்டே தெரியவில்லை! டீ கொண்டுவந்த மேலாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். திரும்பவும் நிறுத்தி, கார்டை எடுத்து அழுத்திச் செருகினாள். டக்கென்று உட்கார்ந்தது. இந்த முறை தெரிந்தது. வீடியோ கம்ப்யூட்டர் முதல் பிராசஸரை விட்டு நகராதபடி கட்டிப்போட்டுவிட்டு டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பியவள் கதவோரம் நின்று பார்த்தாள். பிசியோ பெண்ணின் கை ஏறியது, இறங்கியது. மாமனாருடையதும் கூடவே.

"என்னம்மா பண்ணே? இவ மூச்சுவிடக்கூட விடமாட்டேங்கறாளே!"

அவள் விஷயத்தைச் சொன்னாள். டிரைவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"அடுத்த தெருவுக்குப் போக ஊரையே சுத்தியிருக்கு. பஸ்ஸை அனுப்பற டைம்கீப்பர் தூங்கினானா?"

"நான்தான் மாமா அந்த டைம்கீப்பர்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சில வாரங்களில் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். கழுத்துப் பொத்தான் மட்டும் முரண்டு பிடித்தது. அதை, வேலைக்குப் போகிற அவசரத்திலும், மருமகள் போட்டுவிட்டுப் போவாள்.