மூச்சு வாங்கப் போன அண்ணன்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருக்கு ஒரே தங்கை நான். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வெண்ணந்தூரில். அப்பா சீக்கிரமே காலமானார். அண்ணன் பள்ளியை விட்டு, நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனார். நாற்பது வருடத்துக்கு மேல் தூக்கினார். என்னைக் கட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் இறந்ததும் திரும்ப அழைத்து வந்து வைத்துக்கொண்டார். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அறுபதில் வேலையை நிறுத்தினார். உழைத்த உடம்பு, உட்காரட்டும் என்று அண்ணியும் நானும் ஒரு செம்புத் தண்ணீர்கூட அவரை எடுக்க விடவில்லை. அதை மரியாதை என்று நினைத்தோம். இரண்டே வருடத்தில் தெருமுனைக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது என்றோம். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"வயசு பாதிதாங்க. மீதி உக்காந்தே இருந்ததால வந்தது. தினமும் நடங்க. கொஞ்சங் கொஞ்சமா தூரத்தைக் கூட்டுங்க."

சுமை இல்லாமல் ரோட்டில் நடக்க அண்ணனுக்குக் கூச்சம். முதல் நாளே, மண்டியில் அவரோடு மூட்டை தூக்கிய ஒருவர் எதிரில் வந்தார்.

"ஏனுங்க மாமா, வெறுங்கையோட எங்கீங்க போறீங்க?"

"மூச்சு வாங்கப் போறேன் மாப்ள."

"கிலோ என்ன வெலைங்க?"

"மண்டில கெடைக்காது போ. நடந்து போயித்தான் வாங்கோணும்."

மறுநாளிலிருந்து அந்த மாப்பிள்ளையும் தினம் காலையில் வாசலுக்கு வந்து கூப்பிட்டுப் போனார். முதலில் வேப்பமரம் வரை. அப்புறம் பள்ளிக்கூடம். ஆறாம் மாதம் அண்ணன் ஏரிக்கரைக்குப் போய் நிற்காமல் திரும்பினார். அந்தப் புரட்டாசியில் நைனாமலையில் பாதிப் படி ஏறினார். "அடுத்த வருசம் மேல போயி பெருமாளப் பாத்துப்போடறேன்" என்றார்.

தையில் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் படுக்கை. காய்ச்சல் விட்டதும், மெதுவாக நடக்கச் சொல்லித்தான் டாக்டரம்மா அனுப்பினார். நடக்க விடாதது நான்.

"அம்மிணி, வேப்பமரம் வரைக்கும் போயிட்டு வாரேன்."

"ஒடம்பு தேறட்டும்ங்கண்ணா. மொதல்ல உக்காருங்க."

"உக்காந்தா தேறாது சாமி."

நாளைக்கு என்பேன். பத்து மாதம் நடந்து சேர்த்த தெம்பு இரண்டு மாதத்தில் போய்விட்டது. கால் சூம்பியது. வாசற்படி ஏற என் தோளைப் பிடித்தார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். ஆடியில் மூச்சு அடங்கியது. நெஞ்சு பலவீனம் என்றார்கள்.

டாக்டரம்மாவுக்கு நன்றி. சோறாக்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கு நன்றி. வண்டி வேண்டாம் என்று சொல்லி அண்ணனைத் தோளில் சுமந்து சென்ற மண்டிக்காரர்கள் எல்லோருக்கும் நன்றி.

மாப்பிள்ளைக்கு நன்றி மட்டும் போதாது. காய்ச்சல் விட்ட பிறகும் அவர் வாசலில் வந்து நின்றார். "அண்ணன் தூங்கறாருங்க" என்று பத்துப் பதினைந்து நாள் திருப்பி அனுப்பினேன். அண்ணன் தூங்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தங்கை