மைரிங்கனில் ரயில் திரும்பியபோது

லுசேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் போக வழி கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். நான் அந்தப் பாதையில் முதன்முதலாகப் போனது எண்பதுகளின் பிற்பகுதியில், ஓர் ஒக்டோபர் சனிக்கிழமை. அப்போது லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கும் மனைவி ரெஜினாவுக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்ததும் கிளம்பிவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் ஜெபக்கூட்டத்தில் சாந்தகுணம் பற்றிப் பேச என்னைத்தான் பிடித்தார்கள். குசினியில் தலைமைச் சமையற்காரர் என்ன கத்துக் கத்தினாலும் நான் வாய் திறப்பதில்லை. ஆகவே சாந்தத்துக்கு நான்தான் ஆள் என்று எல்லோருக்கும் முடிவு. நானும் அதை நம்பி முக்கால் மணித்தியாலம் பேசினேன். ரெஜினாவுக்கோ மூக்குநுனியில் கோபம். ஒருவரையும் விட்டுவைக்கமாட்டாள்.

தூரம் எழுபத்துநான்கு கிலோமீற்றர், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலப் பயணம். அரைவிலை அட்டை இருந்தால் பாதிக் காசு. வலப்பக்க ஜன்னலைப் பிடித்தால் ஏரிகள் எல்லாம் உங்களுக்குத்தான். கிஸ்வில் தாண்டியதும் ரயில் பற்சக்கரத்தில் மூச்சுவாங்கி ஏறும். லுங்கேர்ன் ஏரி கீழே பச்சையாகக் கிடக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், மலையில் விற்பதை எங்களால் வாங்க முடியாது.

லுசேர்ணிலேயே எங்கள் பெட்டியில் ஓர் அம்மா ஏறியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் யாரோ கொடுத்த ஆண்கள் கோட்டு, நெற்றியில் திருநீறு. ஊரிலிருந்து அகதியாகப் புதிதாக வந்தவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ரெஜினா அவரிடம் போக எழும்பப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "பாக்காதை. பிறகு கடிதம் வாசிக்க, அகதிக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போக எண்டு எங்களை விடமாட்டா. இண்டைக்கு ஒருநாள்தான் லீவு" என்றேன். மெல்லிய குரலில்தான் சொன்னேன். என் குரல் எப்போதும் மெல்லியதுதான்.

மைரிங்கன் நிலையத்தில் ரயில் நின்றது. ரெஜினா கழிவறைக்குப் போயிருந்தாள். அங்கே இயந்திரத்தைக் கழற்றி மற்ற நுனியில் பூட்டுவார்கள். வந்த திசைக்கே ரயில் திரும்பக் கிளம்பிப் பிறகு வேறு தண்டவாளத்தில் இன்டர்லாக்கனுக்குப் போகும். தெரியாதவருக்கு ரயில் திரும்பி ஓடுவதாகவே தோன்றும். எனக்கு அது தெரியும், ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள்.

அந்த அம்மாவுக்குத் தெரியாது. ரயில் பின்னால் நகர்ந்ததும் எழும்பிவிட்டார். "ஐயோ, திருப்பிக் கொண்டு போறாங்கள். என்னை ஊருக்கு அனுப்பப் போறாங்கள். இறக்கி விடுங்கோ" என்று கதவை அடித்தார். பிறகு சிவப்பு நிற அவசரப் பிடியில் கை வைத்தார். டிக்கெட் பரிசோதகர் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பற்றினார். பொலீஸ் என்ற சொல் பரிசோதகர் வாயில் இரண்டுதரம் வந்தது. அகதி வழக்கு முடியாத ஒருவர் பொலீசில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தேற்ற ஒரு வசனம் போதும், தமிழில் ஒரேயொரு வசனம். பெட்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள் அந்த அம்மாவையும் பிறகு என்னையும் பார்த்தார்கள். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அவரோடு சேர்த்து என்னையும் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டேன்.

ரெஜினா வந்தாள். இப்போது ஊர் இரண்டுபடும் என்று பயந்தேன். அவள் பரிசோதகரை விலகச் சொல்லிக் கையால் காட்டிவிட்டு, அந்த அம்மாவை அணைத்தபடி இருக்கையில் இருத்தினாள்.

"அக்கா, இது திரும்பிப் போகேல்லை. இதுதான் வழி. நானும் இன்டர்லாக்கனுக்குத்தான் வாறன்."

"மெய்யோ பிள்ளை?"

"ஓம் அக்கா. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

அவள் அப்படி ஒரு குரலில் கதைத்து நான் கேட்டதில்லை. பரிசோதகரிடமும் தன் ஓட்டை ஜெர்மனில் அதே குரலில்தான் மன்னிப்புக் கேட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். பிரியன்ஸ் ஏரி முழுவதும் அந்த அம்மா அவள் கையை விடவில்லை. நான் ஏரியைப் பார்க்கவில்லை.

இன்டர்லாக்கன் ஒஸ்ற் நிலையத்தில் அந்த அம்மாவின் தம்பி காத்திருந்தார், அங்கே ஒரு ஹோட்டலில் குசினிக்காரர். விடைபெறும்போது அம்மா என்னைப் பார்த்துவிட்டு ரெஜினாவிடம் கேட்டார். "பிள்ளை, இவருக்குத் தமிழ் தெரியாதோ?"

ரெஜினா என் பக்கம் திரும்பினாள்.

"தெரியும் அக்கா" என்றேன்.

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அந்தச் சத்தத்திலை உங்களுக்குக் கேட்டிராது தம்பி" என்றார்.

"ஓம்" என்றேன்.

என்னை அவமானத்திலிருந்து காப்பாற்ற அவர் ஒரு பொய்யைத் தன் கையாலேயே எடுத்துத் தந்தார், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஜெபக்கூட்டத்தில் நான் முக்கால் மணித்தியாலம் தேடிய சாந்தகுணம் அவர் செய்ததுதான். எனக்கிருந்தது சாந்தமல்ல, யாரோடும் முட்டாமல் தப்புகிற கெட்டித்தனம். அடுத்த ஞாயிறு மறுபடி பேசக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அதற்கும் அடக்கம் என்று பெயர் வைத்தார்கள்.

போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மைரிங்கனில் ரயில் திசை மாறும். பெட்டியில் புதிதாக வந்தவர் யாராவது இருந்தால், நிலையம் வருவதற்கு முன்பே எழும்பிப் போய்ச் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும், ஆனால் சொல்லுங்கள்.