ராஜா வேஷம் முருகையா வீட்டுப் பிள்ளை

இலங்கையில் பதுளைக்கு ரயில் வராத காலம். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் முருகையா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ராஜா வேஷம் முருகையா என்றால் ஹல்துமுல்லை வரைக்கும் தெரியும். எந்தத் தோட்டத்தில் திருவிழாக் கூத்து என்றாலும் கள்ளனுக்குத் தீர்ப்புச் சொல்லும் ராஜா அவர்தான். "பெற்றால் போதுமா, வளர்க்க வேண்டாமா?" என்று அவர் முழங்கினால் கல்லும் கரையும்.

ஊருக்குத்தான் உபதேசம்! பெண்டாட்டி காய்ச்சலில் போன பிறகு, தன் ஒரே மகன் வீரமலை எங்கே தின்றான், எங்கே படுத்தான் என்று மனுஷன் ஒரு நாளும் கேட்டதில்லை. வேலை விட்டால் ஒத்திகை, அது முடிந்தால் வேற்றுத் தோட்டத்துக் கூத்து. தண்ணீர் தெளித்து விட்ட பிள்ளை என்ன செய்யும்? மீசை முளைக்கும் முன்னே தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயத்துக் கோழிகளில் கைவைத்தான். இன்னொரு முறை பிடிபட்டால் தோட்டத்தை விட்டே துரத்திவிடுவேன் என்று பெரிய கங்காணி எச்சரித்தார். முருகையா, "பார்க்கலாங்க" என்றுவிட்டு வசனம் படிக்கப் போனார். இப்படியும் ஒரு தகப்பன்!

அந்த வருஷம் சொந்தத் தோட்டத்திலேயே மாரியம்மன் திருவிழா. கூத்தின் கடைசிக் கட்டத்துக்குள் நன்றாக விடிந்து வெயிலும் வந்துவிட்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேஷம் கலைக்கும்வரை ராஜா ராஜாதான். சனங்கள் தங்கள் சொந்த வழக்கையும் அவர் முன்னால் கொண்டுபோகலாம். அவர் தீர்ப்பைக் கங்காணியும் தட்டமாட்டார்.

கோழி வளர்த்துப் பிழைக்கும் இராக்கம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் வீரமலையின் காது, மறு கையில் கழுத்துத் திருகிய கோழி.

"ராசாவே, எனக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுங்க!"

முருகையா திகைத்துப் போனார். வாய்க்குப் பழகிய கூத்து வசனம்தான் தானாக வந்தது.

"யாரடா உன் தகப்பன்?"

சனம் கொல்லென்று சிரித்தது. வீரமலை சிரிக்கவில்லை.

"நீங்கதான்னு அம்மா சொல்லுச்சுங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. முருகையாவை அத்தனை பேர் முன்னால் வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரிய கங்காணி எழுந்து பையனை நோக்கி வந்தார். ராஜா கையை உயர்த்தினார். இந்த முறை வசனம் இல்லை, லயத்துப் பேச்சுதான்.

"பையன் இங்கதான் இருப்பான். தண்டன தகப்பனுக்கு. இந்த முருகையா இனிமே வேஷம் கட்டக் கூடாது."

சொல்லிவிட்டுக் கிரீடத்தைக் கழற்றிக் கங்காணியிடம் நீட்டினார். கூத்துப் பைத்தியமான கங்காணிக்கு அதை வாங்க மனமில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் முருகையா இராக்கம்மா வாசலில் தலை குனிந்து நின்றார்.

"அக்கா, சோறு வடிச்சிட்டேன். அவன் எதத் தொட்டுக்குவான்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

இராக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதக் குடுத்தாலும் திம்பான், தம்பி. குடுத்துப் பாரு."